தானாய் எய்யும் வில்

வைகாசி பிறந்தால் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் கண்ணகி அம்மன் கோயில்கள் கதவு திறக்கும். செட்டிபாளையத்திலும் காரைதீவிலும் தம்பிலுவிலிலும் வழக்குரை படிக்கக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு மதுரை எரிந்த கதை மனப்பாடம். அந்த மதுரையின் மதிலில் என்னென்ன இருந்தன என்று கேட்டால்தான் பலர் விழிப்பார்கள். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக்காதை ஒரு பட்டியலே தருகிறது: குரங்கு வடிவப் பொறி, கல் உமிழும் கவண், கொதிக்கும் நெய். அவற்றுக்கெல்லாம் முன்னால் நிற்பது வளைவிற்பொறி. தானே வளைந்து அம்பு எய்யும் எந்திர வில் என்கிறார் உரைகாரர் அடியார்க்குநல்லார்.

அது எப்படி வேலை செய்தது என்று காப்பியம் சொல்லவில்லை. இதே காப்பியத்தின் யாழ்களைக் கணக்குப் போட்டு மீட்டவர் நம் காரைதீவு விபுலாநந்த அடிகள். 1947இல் வெளிவந்த யாழ்நூல் அந்த உழைப்பு. எந்திரங்களுக்கும் அப்படியொருவர் வாய்த்திருக்கக் கூடாதா?

சீனர்களின் எந்திர வில்லோ மண்ணுக்குள்ளிருந்தே கிடைத்திருக்கிறது. 1974இல் ஷியான் நகருக்கு அருகே கிணறு வெட்டிய விவசாயிகள், பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் சுடுமண் படையைக் கண்டார்கள். அங்கே புதைந்திருந்த குறுக்கு வில்களின் மரமும் நாணும் உக்கிப் போயின. வெண்கல விசைகள் மிஞ்சின.

இந்த விசை உள்ளங்கையில் அடங்கிவிடும். அசையும் உறுப்புகள் மூன்று, கோக்கும் ஆணிகள் இரண்டு. மேலே இரட்டைப் பல் துருத்தி நிற்கும். இழுத்த நாண் அந்தப் பற்களுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். அம்பின் அடி இரண்டுக்கும் நடுவில் உட்காரும். கீழே தொங்கும் குதிரையை விரலால் இழுத்தால் நடுத்துண்டு நழுவும், பல் முன்னால் சாயும், நாண் பாயும். பாரத்தையெல்லாம் வெண்கலம் சுமப்பதால் எய்பவர் ஆறுதலாகக் குறி பார்க்கலாம். வாகரைப் பக்கத்து வேடர்களின் முன்னோர் ஏந்திய வில்லில் அந்த வசதி கிடையாது. இழுத்த கையேதான் நாணைத் தாங்கி நிற்கவேண்டும்.

இழுப்பது வேறு, எய்வது வேறு என்று ஆனபின், இழுக்கும் வேலையை எதனிடம் ஒப்படைப்பது? சீனத்து வகைகள் பெரும்பாலும் இதில்தான் பிரிகின்றன. சிறியதைக் கையால் இழுத்தார்கள். அடுத்ததைக் காலால் மிதித்து இழுத்தார்கள். இன்னொன்றுக்கு நிலத்தில் உட்கார்ந்து, பாதங்களால் வில்லைத் தள்ளி, இடுப்பில் கட்டிய கொக்கியால் நாணை இழுக்கவேண்டும். ஹான் காலத்து எல்லைக் காவலரண்களில் கிடைத்த மரச்சீட்டுகள் 6 'ஷி' வலுவுள்ள வில்களைக் குறிக்கின்றன. ஏறத்தாழ 180 கிலோ!

மனித உடம்பு போதாத இடத்தில் கட்டில் வில் வந்தது. 1044இல் தொகுக்கப்பட்ட 'வூஜிங் சோங்யாவ்' என்ற போர்க்கலை நூல் அதைப் படமாகவே காட்டுகிறது. சட்டத்தில் இரண்டு மூன்று வில்களைப் பிணைத்து, பலர் சேர்ந்து உருளையைச் சுற்றி நாண் ஏற்றுவார்கள். விசையைத் தட்டக் கொட்டாப்புளி வேண்டும்.

சினிமாக்காரர்களுக்குப் பிடித்த தொடர் வில்லைப் பற்றி எனக்குப் பெரிய மதிப்பில்லை. மேலே அம்புப் பெட்டி. நெம்புகோலை முன்னும் பின்னும் தள்ளினால் அடுத்தடுத்து அம்பு பாயும். ஜுகே லியாங் என்ற அமைச்சரின் பெயரால் வழங்குகிறது, ஆனால் அவர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முந்திய கல்லறையிலேயே ஒன்று கிடைத்துவிட்டது. வேகம் உண்டு, வலு இல்லை. வீட்டில் திருடரை விரட்டத்தான் உதவும் என்று 1637இல் சோங் யிங்சிங் எழுதினார்.

'தானே எய்யும்' என்ற சொல்லுக்குப் பொருத்தமானது வேறொன்று. சின் ஷி ஹுவாங்கின் சமாதிக்குள் நுழைவோரைத் தாமாகவே எய்யும் வில்கள் வைக்கப்பட்டதாக வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதியிருக்கிறார். சமாதியின் மைய அறை இன்னும் திறக்கப்படவில்லை. ஆள் இல்லாமல் எய்யும் அந்த யோசனை மட்டும் படுவான்கரைக் காட்டோரத்தில் கட்டுத்துவக்காகக் கிடக்கிறது. பன்றிக்கென்று குறுக்கே கட்டிய கம்பியில் கால் தட்டினால் வெடிக்கும். சட்டப்படி குற்றம்தான். ஆனாலும் விறகுக்கும் தேனுக்கும் போனவர்கள் காலில் காயத்தோடு ஆஸ்பத்திரிக்கு வருவது நின்றபாடில்லை.