ஒன்று திணறுகிறது, மற்றவை தூங்குகின்றன!
கம்ப்யூட்டர் வேலையைப் பங்கு போடும் விந்தை

செம்பரம்பாக்கம் ஏரியில் 5 கண் மதகு ஒன்றும், 19 கண் மதகு ஒன்றும் உண்டு. ஏரி நிரம்பி, வெள்ளம் மேலும் வந்தால், கண்களைத் திறந்து அடையாற்றில் தண்ணீர் விடுகிறார்கள்.

இத்தனை கண்களும் இருக்க, ஒன்றை மட்டும் திறந்தால் என்ன ஆகும்? வருகிற வெள்ளத்துக்கு அது ஈடு கொடுக்குமா?

கம்ப்யூட்டருக்கும் இப்படி ஒரு சங்கடம் ஏற்பட்டது!

ரிசல்ட் நாள்

பிளஸ்-2 தேர்வை ஆண்டுதோறும் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவ-மாணவிகள் எழுதுகிறார்கள். முடிவு வெளியாகும் காலையில், வீட்டுக்கு வீடு செல்போனில் பதிவு எண்ணைத் தட்டுகிறார்கள். அம்மாவும் அப்பாவும் பக்கத்தில் நிற்கிறார்கள். ஆனால், திரை சுற்றிக்கொண்டே இருக்கிறது!

தட்டிய எண் சிறு பொட்டலமாகப் பயணம் போகிறது. இதற்குப் பெயர் "பாக்கெட்". போய்ச் சேரும் கம்ப்யூட்டரின் வாசலில் "நெட்வொர்க் கார்டு" இருக்கிறது. அது பாக்கெட்டை வாங்கி, கம்ப்யூட்டரின் மூளையை எழுப்புகிறது. மூளை அதைப் பிரித்துப் பார்த்து, உரியவரிடம் சேர்க்கிறது.

10 ஜிகாபிட் வேகமுள்ள ஒரு கம்பியில், சிறு பாக்கெட்டுகளாக இருந்தால், ஒரு விநாடிக்கு 1 கோடியே 48 லட்சம் வரை வரலாம்!

இன்றைய மூளைக்குள் பல பிரிவுகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு "கோர்". தனித்தனியே வேலை செய்யக்கூடியவை. ஆனால், பாக்கெட் வேலை முழுவதும் ஒரே கோரின் தலையில் விழுந்தால்? அது திணறும். மற்றவை தூங்கும். கியூ நிரம்பியதும், அடுத்து வரும் பாக்கெட்டுகள் தள்ளப்படும். மீண்டும் அனுப்ப வேண்டியதுதான்.

வரிசை முக்கியம்

"ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்துவிட்டால் போயிற்று" என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்! தண்ணீருக்கு முன், பின் கிடையாது. பாக்கெட்டுக்கு உண்டு. பின்னால் வரும் பாக்கெட்டுகள் இரண்டாவதை முந்தினால், "இரண்டாவது தொலைந்துவிட்டது" என்று கருதி, அதை மறுபடி அனுப்ப நேரலாம்.

இதற்கு ஒரு கணக்குக் கண்டுபிடித்தார்கள். பாக்கெட்டின் மேல் 4 எண்கள் இருக்கும். அனுப்புகிறவர் முகவரி, பெறுகிறவர் முகவரி, இருபுறத்து வாசல் எண்கள். இந்த நான்கையும் வைத்து கார்டு கணக்குப் போடுகிறது. வரும் விடைதான் எந்தக் கோருக்கு என்று சொல்கிறது.

ஒரே உரையாடலின் எண்கள் மாறுவதில்லை. எனவே அதன் பாக்கெட்டுகள் எல்லாம் ஒரே கோருக்குப் போகும். வரிசை கெடாது. வேறு வீட்டுப் பாக்கெட் வேறு கோருக்குப் போகலாம். இந்தக் கணக்கு, ஜெர்மன் கணித மேதை ஓட்டோ டோப்ளிட்ஸ் (1881-1940) பெயரால் வழங்குகிறது.

கார்டுக்கு இந்தத் திறமை இல்லாவிட்டால்? 2010-ல் கூகுள் என்ஜினீயர் டாம் ஹெர்பர்ட் வழி செய்தார். "லினக்ஸ்" இயங்குதளமே பாக்கெட்டுகளைப் பங்கு போடும் முறையைச் சேர்த்தார். பாக்கெட்டுக்காகக் காத்திருக்கும் புரோகிராம் எந்தக் கோரில் ஓடுகிறதோ, அங்கேயே அனுப்பும் முறையும் அத்துடன் வந்தது.

எல்லாம் தீராது

ஒரே ஒரு உரையாடல் மிகப் பெரிதாக இருந்தால், இம்முறை அதைப் பிரிக்காது. ரிசல்ட் தாமதமாக வேறு காரணங்களும் உண்டு. மதிப்பெண்களைத் தேடி எடுப்பதே மெதுவாக நடக்கலாம்.

ஆனாலும், அம்பத்தூரில் உள்ளவை போன்ற டேட்டா சென்டர்களில் வேலை பார்ப்பவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. வேகம் குறைந்தால், புதுக் கம்ப்யூட்டர் வாங்க ஓடக்கூடாது. ஒரு கோர் மட்டும் தவிக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வேலையைச் சரியாகப் பங்கு போட்டாலே, பல சமயம் போதும். காசு செலவில்லை!