லட்சம் கோடிக்கு ஒரு நிமிடம்

மார்க் டைட்டஸ் 2006 முதல் 2010 வரை அமெரிக்காவின் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியில் இருந்தார். அந்த நான்கு சீசனையும் கூட்டினாலும் அவர் எடுத்த புள்ளிகள் ஒற்றை இலக்கம்தான். ஆனாலும் அந்த அணியின் ரசிகர்களிடம் பெஞ்சில் யார் பிரபலம் என்று கேட்டால், முதலில் வருவது அவர் பெயர்தான்.

டைட்டஸ் ஒரு 'வாக்-ஆன்'. கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் பிரிவில் அப்போது ஓர் அணி 13 பேருக்குத்தான் விளையாட்டு உதவித்தொகை தரலாம். அதற்கு வெளியே, அந்தத் தொகை இல்லாமல் அணியில் ஒட்டிக்கொள்கிறவர்களுக்குத்தான் இந்தப் பெயர். பயிற்சி எல்லோருக்கும் ஒன்றே. போதாக்குறைக்கு, அடுத்து மோதப்போகும் எதிரணியைப் போல ஆடிக்காட்டி நட்சத்திரங்களைத் தயார்படுத்தும் வேலையும் இவர்கள் தலையில். ஆட்ட நாளில்? நம்மூர் கிரிக்கெட்டின் பன்னிரண்டாவது ஆட்டக்காரர் மாதிரிதான். இருபது, முப்பது புள்ளி முன்னிலை வந்து, வெற்றி உறுதியான கடைசி நிமிடத்தில்தான் பயிற்சியாளரின் பார்வை பெஞ்சின் கோடிக்குப் போகும்.

அந்த ஒரு நிமிடத்தில் இதுபோன்ற பையன்கள் வழக்கமாகத் தவியாய்த் தவிப்பார்கள். பந்து கைக்கு வந்தால் எங்கிருந்தாலும் வீசிவிடுவார்கள், பேரிலே இரண்டு புள்ளியாவது ஏறட்டுமே என்று. டைட்டஸ் தலைகீழ். ஆட்டம் முடிந்ததும் அச்சாகும் புள்ளிப் பட்டியலில் தன் பெயருக்கு நேரே '1 நிமிடம்' என்று மட்டும் இருக்க வேண்டும். கூடை, ரீபவுண்டு, அசிஸ்ட், ஃபவுல் என்று வலப்பக்கம் போகும் அத்தனை கட்டத்திலும் பூஜ்யம் நிற்க வேண்டும். ஒன்றுக்குப் பின்னால் வரிசையாகப் பூஜ்யம் போட்டால் டிரில்லியன், அதாவது லட்சம் கோடி. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் பெஞ்சுகளில் ஏற்கெனவே புழங்கிய கேலிதான் இது. டைட்டஸ் அதையே லட்சியமாக்கி, 'கிளப் டிரில்லியன்' என்று பெயர் வைத்து இணையத்தில் எழுதத் தொடங்கினார்.

சும்மா இருப்பது லேசான காரியமில்லை. வளையத்தில் பட்டுத் தெறித்த பந்து தானாக வந்து கையில் விழுந்தாலே ஒரு ரீபவுண்டு, கணக்கு கெட்டது. எதிராளியை லேசாக இடித்தால் ஃபவுல். தப்பித் தவறி ஒரு பாஸ் கூடையில் முடிந்தால் அசிஸ்ட். மற்ற ஒன்பது பேரும் ஓடும் களத்தில், ஓடுவதுபோல ஓடி, பந்து போகாத பக்கமாகப் பார்த்து நிற்க வேண்டும்.

ரசிகர்கள் அவரைக் கொண்டாடியது பரிதாபத்தால் என்று நான் நினைக்கவில்லை. பெஞ்சில் உட்காருவதைச் சோகக் கதையாக்க அவர் மறுத்தார். அதுதான் அவர்களைக் கவர்ந்தது. 'வாய்ப்புக் கிடைத்தால் நானும் சாதிப்பேன்' என்ற பல்லவி அவரிடம் இல்லை. கிளப் பெயரில் டி-ஷர்ட் வந்தது, விற்றது. கல்லூரி ஆட்டக்காரர் தன் பெயரை வைத்துச் சம்பாதிக்கக் கூடாது என்பது அன்றைய விதி. அதனால் வசூல் தர்ம காரியத்துக்குப் போனது.

அந்தப் பல்லவியை மெய்யாக்கிக் காட்டியவரும் உண்டு. அவர் ஓஹையோவின் பரம வைரியான மிச்சிகனில் இருந்தார் என்பதுதான் வேடிக்கை. 2013 ஏப்ரல் 8, அட்லாண்டாவில் தேசிய இறுதிப் போட்டி. மிச்சிகனின் நட்சத்திரம் டிரே பர்க் சீக்கிரமே இரண்டு ஃபவுல் வாங்கி உட்கார, முதலாண்டு மாணவர் ஸ்பைக் ஆல்பிரெக்ட் உள்ளே வந்தார். ஓர் ஆட்டத்துக்குச் சராசரி இரண்டு புள்ளிகூட இல்லாதவர், முதல் பாதியிலேயே 17 எடுத்தார். மிச்சிகன் 82-76 என்று லூயிவில்லிடம் தோற்றது. அந்தப் பாதி ஆட்டத்தை அங்கே இன்னும் பேசுகிறார்கள்.

டைட்டஸுக்கு அப்படியோர் இரவு வாய்க்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை. சிறுவயதில் இண்டியானாவில் அவரோடு ஒரே அணியில் ஆடிய கிரெக் ஓடனும் மைக் கான்லியும் ஓஹையோவிலும் கூடவே இருந்தார்கள். 2007-இல் மூவரும் இருந்த அணி இறுதிப் போட்டியில் ஃபுளோரிடாவிடம் தோற்றது. அதே ஆண்டு என்.பி.ஏ. தேர்வில் ஓடன் முதல் ஆளாகவும் கான்லி நான்காவது ஆளாகவும் போனார்கள். இரண்டு வருடம் கழித்து, 2009 தேர்வுக்கு டைட்டஸும் விளையாட்டாகப் பெயர் கொடுத்தார். பிறகு வாபஸ் வாங்கிக்கொண்டு, கடைசி வருடத்தையும் பெஞ்சிலேயே கழிக்க, பல்கலைக்கழகம் இருக்கும் கொலம்பஸுக்குத் திரும்பினார்.