நரியைச் சொல்லாத கதை

பேட் ஹட்சின்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1968இல் எழுதி வரைந்த ஒரு சிறுவர் புத்தகத்தில் மொத்தமே 32 சொற்கள்தான். ரோஸி என்ற கோழி பண்ணையைச் சுற்றி ஓர் உலா போய்விட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்புகிறது. எழுத்து சொல்வது அவ்வளவே. படத்தில் ஒரு நரி ஆரம்பத்திலிருந்தே பின்னால் வருகிறது. அது பாயும்போது தரையில் கிடக்கும் வாரியை மிதிக்க, கைப்பிடி எகிறி மூக்கில் அடிக்கிறது. மறுபடி பாய்ந்து குளத்தில் விழுகிறது. கடைசியில் தேனீக்கள் துரத்த ஓட்டமெடுக்கிறது. கோழி ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. நரி என்ற சொல்லும் புத்தகத்தில் எங்குமே கிடையாது. மதுரையை அடுத்த மேலூர்ப் பக்கத்து அங்கன்வாடி ஒன்றில் இதை விரித்துக் காட்டினால், “ஏய், நரி வருது பாரு” என்று கத்தப்போவது பிள்ளைகள்தான். எழுதியவர் அவர்களுக்கென்றே விட்டுவைத்த வேலை அது. பாடநூலில் கதைக்கு மேலே இருக்கும் படம் பெரும்பாலும் எழுத்து சொன்னதையே திரும்பச் சொல்லும்; பிள்ளை பேச அதில் ஒன்றும் மிச்சமிருக்காது. நல்ல படப்புத்தகத்தில் பாதிக் கதை பிள்ளையின் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

இது விளையாட்டுச் சமாச்சாரம், எழுத்துக் கற்பித்தலுக்கு இதனால் என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். 1986இல் காஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள்: எழுத்தைக் கூட்டி ஒலிக்கும் திறன் ஒன்று, காதால் கேட்டால் புரியும் மொழி இன்னொன்று. இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். முதல் பாதிக்குத் தமிழ்நாட்டில் 2022 ஜூன் முதல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் இருக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலை பார்த்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். 247 எழுத்துள்ள மொழிக்கு இந்த உழைப்பு தேவைதான். இரண்டாவது பாதிதான் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. மதுரைப் பிள்ளை வீட்டில் கேட்பது “அங்கிட்டுப் போயிட்டாய்ங்க”. புத்தகத்தில் பார்ப்பது “அந்தப் பக்கம் போய்விட்டார்கள்”. எழுத்துக்கூட்டிச் சரியாகவே படித்துவிட்டாலும் அது தன் வாயில் புழங்காத தமிழ். சௌராஷ்டிரம் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு இன்னும் ஒரு படி அதிகம். டி.வி.யில் கேட்கிறார்களே என்றால், செய்தி வாசிப்பவர் எந்தப் பிள்ளையிடமும் நின்று பதில் கேட்பதில்லை.

வீட்டு மொழியும் எழுத்து மொழியும் இப்படி விலகி நிற்பது நமக்கு மட்டுமல்ல. அரபி பேசும் பிள்ளைகளுக்கும் இதே பாடுதான். எழுத்து அரபி சின்னஞ்சிறுசுகளுக்குப் புரியாது என்று சொல்லி, கதைகளைப் பேச்சு மொழியிலேயே சொல்லும் வழக்கம் அங்கே இருந்தது. டினா ஃபைட்டல்சனும் அவரது குழுவினரும் இஸ்ரேலில் அரபிக் குழந்தைகள் படிக்கும் மழலையர் வகுப்புகளில் எழுத்து அரபிக் கதைகளைத் தொடர்ந்து வாசித்துக் காட்டச் செய்து, முடிவை 1993இல் வெளியிட்டார்கள். கேட்டு வந்த பிள்ளைகள் புரிந்துகொள்வதிலும் கதையைத் தாங்களே சொல்வதிலும் மற்றவர்களைவிட முன்னே நின்றார்கள். எழுத வருமுன்பே எழுத்து மொழி காதுக்குப் பழகிவிட்டது. மதுரைக்கு இதைவிட நெருங்கிய சான்று வேறில்லை என்பேன். கதையில் ‘வந்தார்கள்’ இருக்கட்டும். படத்தைப் பற்றிய பேச்சு ‘வந்தாய்ங்க’வாகவே நடக்கட்டும். புத்தகத்தையே பேச்சுத் தமிழில் அச்சடிக்கலாமே என்பவர்கள், பிள்ளை ஏற வேண்டிய படியையே எடுத்துவிடுகிறார்கள்.

பேச்சு நடப்பதுதான் முக்கியம் என்பதற்கு 1988இல் ஒயிட்ஹர்ஸ்ட் குழு அமெரிக்காவில் செய்த ஆய்வு இருக்கிறது. சிறிய ஆய்வுதான், முப்பது குடும்பங்கள் அளவில். மூன்று வயது நிறையாத பிள்ளைகளுக்குப் பெற்றோர் படப்புத்தகம் வாசித்தார்கள். பாதிப் பேருக்கு மட்டும், “இது நாயா?” என்று கேட்காமல் “இங்கே என்ன நடக்குது?” என்று கேட்கவும், பிள்ளை சொன்ன பதிலை நீட்டிச் சொல்லவும் பெற்றோருக்குப் பயிற்சி. ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகள் பேச்சுத்திறன் சோதனைகளில் ஆறு மாதமும் அதற்கு மேலும் முன்னே போய்விட்டார்கள். மீனாட்சியம்மன் கோயிலில் கல்யானை கரும்பு தின்ற கதையைச் சொல்லும் அப்பத்தாவும் கையை நீட்டிக் காட்டித்தான் சொல்கிறார். ஆனால் அங்கே சொல்வது அப்பத்தா, கேட்பது பேரன். படப்புத்தகத்தில் சொல்ல வேண்டியவன் பேரன். ஒன்றையும் மறைக்கக் கூடாது: 2008இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, வறிய, படிப்பறிவு குறைந்த குடும்பங்களில் இந்தப் பயன் சுருங்கிவிடுகிறது என்று காட்டியது. அதனால்தான் இதைப் பெற்றோர் தலையில் மட்டும் கட்ட முடியாது. வகுப்பறையிலும் அங்கன்வாடியிலும் நடக்க வேண்டும்.

ஆசிரியர்கள் சொல்லும் மறுப்பு ஒன்று கனமானது: படம் இருந்தால் பிள்ளை எழுத்தைப் பார்க்காது. உண்மைதான். 2005இல் கனடாவில் எவன்ஸ், செயின்ட் ஆபின் இருவரும் கண்ணசைவைப் பதிவு செய்து பார்த்தபோது, நான்கைந்து வயதுப் பிள்ளைகள் கதை கேட்கையில் எழுத்தை ஏறிட்டுப் பார்த்ததே அபூர்வம், கண்ணெல்லாம் படத்தில். ஆகவே ‘அ’னா, ‘ஆ’வன்னா கற்பிக்கப் படப்புத்தகத்தை நம்புவது வீண் வேலை. எழுத்துக்கு அட்டையும் சிலேட்டும் தனி நேரமும் வேண்டும். ஆசிரியர் வாசிக்கும்போது ஒன்றிரண்டு சொல்லின் கீழே விரலை ஓட்டினால் போதும். கதை முடிந்ததும் கேள்வி பதில் எழுதச் சொல்லும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். புத்தகம் அந்த நிமிஷமே பாடமாகிவிடும்.

காசு? நான்கு வண்ண அச்சு மலிவல்ல. ஆனால் சென்னையில் தூலிகா 1996 முதல் ஒரே படத்தோடு பல மொழிகளில் புத்தகம் போடுகிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை யாரும் இலவசமாக இறக்கி அச்சடிக்கலாம். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகச் சிறு நூல்கள் தந்திருக்கிறது. மதுரை புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பகுதியே உண்டு; உசிலம்பட்டிப் பிள்ளைக்கு அது ஒரு நாள் பயணம் என்பது வேறு விஷயம். ஆக, பஞ்சம் புத்தகத்துக்கு அல்ல. பல பள்ளிகளில் புத்தகம் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறது. கிழிந்தால், தணிக்கையில் தலைமையாசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும். சாக்பீஸ் தேய்ந்ததற்கு அவரை யாரும் விளக்கம் கேட்பதில்லை. நேரம்? அரசின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியதே மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில்தான். சாப்பிட்டுக் கை கழுவிய பின் முதல் மணி அடிக்குமுன் கிடைக்கும் பத்து நிமிஷம் ஒரு கதைக்குப் போதும். அதற்கு முன், இருப்புப் பதிவேட்டில் கிழிந்த புத்தகத்தை இழப்பாக எழுதாமல் தேய்மானமாக எழுதலாம் என்று ஒரு சுற்றறிக்கை வர வேண்டும்.