ஆண்டுக்கு ஒரு வாரம்

கையில் சிறிது பணம் மிஞ்சியிருக்கும் ஒருவர், அதனைக் கொண்டு நெடுநாள் உழைக்கும் பொருள் ஒன்றை வாங்குவதா, அன்றிச் சில நாளில் முடிந்துபோகும் பயணம் ஒன்றை மேற்கொள்வதா என்று தயங்குதல் உண்டு. வாங்கிய நாற்காலி பத்தாண்டு வீட்டில் இருக்கும். பயணமோ வீடு திரும்பிய அன்றே முடிந்துவிடும். ஆதலின் பொருளே ஆதாயம், பயணம் வீண் செலவு என்று பலர் கணக்கிடுகின்றனர். இக்கணக்குச் சரியானதுதானா? செல்வர்களைக் கொண்டு இதனை ஆராய்வதாற் பயனில்லை. அவர்களுக்கு இரண்டும் கிட்டும். ஒன்றை விட்டால்தான் மற்றொன்று கைகூடும் என்னும் நிலையில் இருந்தவர்கள் எதனை விரும்பினார்கள் என்று பார்ப்பதே முறையாகும். அதற்கு இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள லங்காஷயர் பகுதியில் வாழ்ந்த பருத்தியாலைத் தொழிலாளரின் வரலாறு மிகவும் பொருத்தமானது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓல்டாம், போல்ட்டன், பிளாக்பர்ன், பர்ன்லி முதலிய ஊர்கள் பஞ்சாலைகளால் வளர்ந்தன. எங்கு நோக்கினும் செங்கற் புகைபோக்கிகள். அவற்றின் அடியில் ஒன்றோடொன்று ஒட்டிய சிறு வீடுகள். வானமெங்கும் நிலக்கரிப் புகை. ஆலையினுள் தறிகள் எழுப்பிய பேரொலியில் ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழாது. ஆகவே, நெசவுப் பெண்கள் ஒருவர் உதட்டசைவை மற்றவர் கண்டே உரையாடக் கற்றிருந்தனர். கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் ஆகிய அனைவரும் உழைத்தால்தான் குடும்பம் நடக்கும்.

இவ்வூர்கள் ஒவ்வொன்றிலும் பழங்காலந்தொட்டுத் தேவாலயத் திருவிழா ஒன்று நடந்து வந்தது. ஆலைகள் தோன்றிய பின்னரும் மக்கள் அத்திருவிழாவை விடவில்லை. அந்நாட்களில் வேலைக்கு வாராது நின்றுவிட்டனர். முதலாளிகள் முதலில் சினந்தனர். பின்னர், கொதிகலன்களைத் துப்புரவு செய்யவும் பொறிகளைச் செப்பனிடவும் அந்நாட்களே ஏற்றவை எனக் கண்டு, ஆலைகளை மூடலாயினர். நாளடைவில் அவ்விடுமுறை ஒரு வாரமாக நீண்டது. ஓர் ஊருக்கு ஒரு வாரம், அடுத்த ஊருக்கு வேறொரு வாரம் எனக் கோடைக்காலம் முழுவதும் அது முறையே வந்தது.

ஆனால், அவ்வாரத்திற்கு ஊதியம் இல்லை. வேலை செய்யாத நாளுக்குக் கூலி தரும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. வீட்டு வாடகையோ எவ்வாரத்திலும் கொடுத்தாக வேண்டும். இந்நிலையில் ஓர் ஏழைக் குடும்பம் கடற்கரைக்குச் சென்று ஒரு வாரம் தங்கி வரக் கருதுமா? கருதியது என்பதுதான் வியப்பு.

அதற்கு வழி திறந்தது புகைவண்டி. 1841ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள், தாமஸ் குக் என்பவர் தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ஏறத்தாழ 500 பேரை லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு அழைத்துச் சென்றார். மதுவிலக்குக் கூட்டத்திற்காக நிகழ்ந்த அச்சிறு பயணம், எளியோரும் கூட்டமாகச் சென்றால் குறைந்த செலவில் ஊர் காணலாம் என்பதைக் காட்டிற்று. 1846இல் பிளாக்பூல் என்னும் கடற்கரை ஊருக்கு இருப்புப்பாதை வந்தது. ஆலைத் தொழிலாளர்க்குக் கடல் அருகில் வந்துவிட்டது.

வழி கிடைத்தது, பணம்? அதற்கு அவர்கள் கண்ட முறையே நாம் கருத்தூன்றி நோக்கத்தக்கது. ஆலையிலும், தேவாலயத்தைச் சார்ந்த ஞாயிறு பள்ளியிலும், மதுக்கடையிலுங்கூட அவர்கள் சேமிப்புச் சங்கங்களை அமைத்துக்கொண்டனர். 'புறப்பாட்டுச் சங்கம்' என்று அவற்றின் பெயரைத் தமிழிற் சொல்லலாம். ஒவ்வொரு வாரமும் கூலி பெற்றவுடன் ஒவ்வொருவரும் தம்மால் இயன்ற சில பென்னிகளை அங்கே செலுத்துவர். விடுமுறைக்கு முன்னர்ச் சேர்ந்த தொகை மொத்தமாகக் கைக்கு வரும். நம் ஊர்களில் தீபாவளியை எண்ணி வாரந்தோறும் சீட்டுக் கட்டுவோர் உண்டல்லவா? அதனை ஒத்ததே இது. நம்மவர் அத்தொகையைத் துணிக்கும் பலகாரத்திற்கும் செலவிடுவர். அவர்கள் கடலைக் காணச் செலவிட்டனர்.

விடுமுறை தொடங்கியதும் ஊரே எழுந்து புறப்படும். தெருக்கள் வெறிச்சோடும், புகைபோக்கிகள் ஓய்ந்திருக்கும். ஆண்டு முழுவதும் புகையில் மறைந்திருந்த குன்றுகள் அவ்வாரத்தில் தெளிவாகத் தோன்றும். ஆனால், கண்டு மகிழ ஊரில் ஆள் குறைவு! அண்டை வீட்டார் பிளாக்பூலிலும் அண்டை விடுதியிலேயே தங்குவர். விடுதிச் செலவைக் குறைக்கவும் ஒரு வழி இருந்தது. தங்குவோரே கடைக்குச் சென்று தமக்கு வேண்டிய உணவுப் பொருள்களை வாங்கித் தருவர். விடுதித் தலைவி அவற்றைச் சமைத்துத் தருவாள். மேசையில் வைத்த உப்புக்கும் மிளகுக்கும் தனிக் கட்டணம் வாங்கிய விடுதித் தலைவிகள் நகைச்சுவைக்குப் பொருளாயினர்.

இம்மக்கள் தந்த சில்லறைக் காசுகளால் ஒரு நகரமே எழுந்தது. கடலுக்குள் நீண்டு செல்லும் நடைபாலங்கள் 1863, 1868, 1893ஆம் ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்தன. பாரிஸ் நகரத்து ஐஃபல் கோபுரத்தைப் பார்த்து 518 அடி உயரக் கோபுரம் ஒன்று கட்டப்பட்டு 1894இல் திறக்கப்பெற்றது. ஆண்டெல்லாம் தறியடியில் நின்றவர்கள் அக்கோபுர மண்டபத்தில் நடனமாடினர்.

ஓராண்டுச் சேமிப்பை ஒரு வாரத்திற் கரைப்பது அறிவுடைமையாகுமா என்று கேட்பவர் உண்டு. அக்கேள்வியை எளிதில் தள்ளிவிட இயலாது. அங்கே குடித்துக் கெட்டவர்களும் இருந்தனர். அதனை மறைக்க வேண்டுவதில்லை. எனினும், கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அத்தொழிலாளி வாங்கியது ஒரு வாரத்தை மட்டுமன்று. சங்கத்தில் முதற் காசு செலுத்திய நாளிலேயே அவன் பயணம் தொடங்கிவிட்டது. பனிக்கால விடியலில் ஆலைக்கு நடக்கும்போதும் அவன் நினைவில் ஒரு கடல் இருந்தது. திரும்பிய பின்னர், அடுத்த ஆண்டுவரை பேசுவதற்குச் செய்தி இருந்தது.

இதனை நம் காலத்து உளவியல் அறிஞரும் ஆராய்ந்துள்ளனர். வான் போவன், கிலோவிச் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், தாம் வாங்கிய பொருள், தாம் பெற்ற அனுபவம் ஆகிய இரண்டில் எது மிகுந்த மகிழ்ச்சி தந்தது என்று அந்நாட்டு மக்கள் பலரிடம் வினவப்பட்டது. நூற்றுக்கு 57 பேர் அனுபவத்தையும், 34 பேர் பொருளையும் கூறினர். காரணம் அறிதல் அரிதன்று. புதிய பொருள் சின்னாளிற் பழகிவிடுகிறது. பழகியதைக் கண் காண்பதில்லை. மேலும், அடுத்த வீட்டார் அதனினும் சிறந்ததொன்றை வாங்கினால் நம் பொருள் சிறுத்துவிடுகிறது. நாம் கண்ட கடலோ பிறர் கண்ட கடலாற் சிறுப்பதில்லை. வழியில் மழையில் நனைந்த துன்பமுங்கூடப் பின்னர்ச் சொல்லி மகிழும் கதையாகிவிடுகிறது. கிலோவிச்சும் வேறிருவரும் 2014இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, பொருளுக்காகக் காத்திருப்பதினும் அனுபவத்திற்காகக் காத்திருப்பது இனியது என்று கண்டது. புறப்பாட்டுச் சங்கத்தார் இதனை ஆய்வின்றியே அறிந்திருந்தனர்.

அம்முதல் ஆய்வில் வேறொரு செய்தியும் உண்டு. வருவாய் மிகக் குறைந்தவர்களிடையே இவ்வேறுபாடு காணப்படவில்லை. அவர்கள் பொருளையும் அனுபவத்தையும் ஒப்பவே கூறினர். கூரை ஒழுகும் வீட்டில் இருப்பவனுக்கு ஓடு வாங்குவதே பெருமகிழ்ச்சி. அவனிடம் சென்று பயணத்தின் பெருமையைப் பேசுதல் கொடுமை. லங்காஷயர்த் தொழிலாளரும் உணவும் உறைவிடமும் போக எஞ்சிய காசைத்தான் சங்கத்திற் செலுத்தினர்.

அவர்களுடைய வாழ்வு பின்னர் மாறிற்று. ஊதியத்துடன் கூடிய விடுமுறைக்கு 1938இல் பிரிட்டனில் சட்டம் வந்தது. பின்னர்ப் பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஊர் முழுவதும் ஒரே வாரத்திற் புறப்படும் வழக்கமும் மறைந்தது.

எனினும், காசு காசாகச் சேர்த்துப் பயணம் செய்யும் மனம் ஒரு நாட்டிற்கோ ஒரு காலத்திற்கோ உரியதன்று. நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில், கொச்சி நகரில், விஜயன், மோகனா என்னும் கணவன் மனைவியர் சிறு தேநீர்க்கடை ஒன்றை நடத்தி வந்தனர். கடை வருவாயில் நாள்தோறும் முந்நூறு ரூபாயைப் பயணத்திற்கென ஒதுக்கினர். போதாதபோது கடனும் பெற்றனர். திரும்பி வந்து, தேநீர் விற்றே அதனைத் தீர்த்தனர். கடன்பட்டுப் பயணம் செய்தலை யாவர்க்கும் உரிய வழியாகக் கூறுவதற்கில்லை. அவர்கள் அடைத்துவிட்டனர் என்பதே அவர்களுடைய பெருமை. 2007இல் முதன்முதலாக வெளிநாடு சென்றனர். பயணத்திற்கும் பயணத்திற்கும் இடையில் மீண்டும் அதே கடை, அதே அடுப்பு, அதே முந்நூறு ரூபாய். 2021 அக்டோபரில் இருவரும் ரஷ்யா சென்று திரும்பினர். அடுத்த திங்களில் விஜயன் காலமானார். அப்போது அவர்கள் கண்டிருந்த நாடுகள் 26.