தென்னை ஏன் திரும்பத் துளிர்ப்பதில்லை?

2018 நவம்பர் 16 விடியற்காலையில கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்துச்சு. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரத்துல தோப்பு தோப்பா தென்னை சாஞ்சுது. நெல்லு போனா அடுத்த போகம் நடலாம். வேம்பு முறிஞ்சா பக்கத்துல துளிர் விடும். தென்னைக்கு மட்டும் ஏன் அந்த வாய்ப்பு இல்ல?

விடை அதோட குடும்பத்துல இருக்கு. தென்னை, பனை, பாக்கு, ஈச்சை எல்லாமே தாவரவியலில் அரிக்கேசியே என்கிற பனைக் குடும்பம். உலகம் முழுக்க சுமார் 2,600 இனங்கள், பெரும்பாலும் வெப்பமண்டலத்தில்.

தென்னைக்கு உச்சியில ஒரே ஒரு குருத்து. புது ஓலை, பாளை, காய் எல்லாம் அதை நம்பித்தான். காத்துல அது முறிஞ்சாலோ, காண்டாமிருக வண்டு துளைச்சு அழுகினாலோ மரம் அவ்வளவுதான். நம்ம பாஷையில சொன்னா, பேக்கப் இல்லாத ஒத்தை சர்வர்.

அடுத்தது தண்டு. மாமரத்துல பட்டைக்கு உள்ளே கேம்பியம்னு ஒரு மெல்லிய அடுக்கு உண்டு. வருஷா வருஷம் மரத்தைப் பருக்க வைக்கிறதும், காயத்தை மூடுறதும் அதுதான். தென்னைக்கு அது கிடையாது. ஏறுறதுக்காக வெட்டின படி கடைசி வரைக்கும் அப்படியே இருக்கும்.

இதுல ஒரு சுவாரசியம். வெளியே வைரம் பாய்ந்ததைப் புல் என்றும், உள்ளே வைரம் பாய்ந்ததை மரம் என்றும் தொல்காப்பியத்தின் மரபியல் பிரிக்கிறது. தென்னையும் பனையும் வெளியே கெட்டி, நடுவுல மெத்து. அந்தக் கணக்குல ரெண்டும் புல்! இன்றைய தாவரவியலும் பனைக் குடும்பத்தைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரம்னுதான் சொல்லுது. பனை உத்திரத்துக்கு வெளிப்பக்கத்தை மட்டும் அறுத்து எடுக்கிறதும் இதனாலதான்.

இந்த உடல்வாகு நமக்குக் கொடுக்கிறது நிறைய: கீற்று, விளக்குமாறு, கயிறு, எண்ணெய், பதநீர், கருப்பட்டி. நார் நாரா இருக்கிற தண்டு சாதாரணக் காத்துக்கு வளைஞ்சும் கொடுக்கும். ஆனா தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. மண்ணு ஊறி, பெருங்காத்தும் அடிச்சா வேரோட சாயும்.

சாஞ்ச இடத்துல புதுக்கன்று வச்சா, நெட்டை ரகம் காய்க்க 5 முதல் 7 வருஷம், குட்டை ரகத்துக்கு 3, 4 வருஷம். அதாவது 2019-ல் நட்ட நெட்டைக் கன்று காய்க்கவே 2024 தாண்டிடும். அதுவரைக்கும் அந்த வீட்டுக்கு வருமானம்? ஊடுபயிரா வாழையோ உளுந்தோ போட்டுத்தான் சமாளிக்கணும்.

அதனால, "இத்தனை தென்னை விழுந்தது"ன்னு செய்தி வந்தா, அதை ஒரு அறுவடை நஷ்டமா எண்ணாதீங்க. ஒவ்வொரு மரத்துக்கும் அஞ்சாறு வருஷத்தைப் பெருக்கிப் பாருங்க.