மீண்டும் வந்தது ஹாக்கி லீக்: நிலைக்க வைப்பது யார் பணம்?

புது தில்லி: ஏழாண்டு இடைவெளிக்குப் பின் ஹாக்கி இந்தியா லீக் போட்டி, 2024 டிசம்பர் 28-ம் தேதி ஒடிசாவின் ரூர்கேலாவில் மீண்டும் தொடங்கியது. தூர்தர்ஷன் அதை நேரடியாக ஒளிபரப்பியது. மகளிருக்கும் முதன்முறையாகத் தனி லீக் அமைந்தது. ஆனால், முந்தைய முயற்சிகளைக் கவிழ்த்த காரணங்கள் முற்றிலும் நீங்கிவிட்டதாகச் சொல்ல முடியாது.

தொலைக்காட்சிக்கேற்ற ஹாக்கி என்ற எண்ணம் ஐபிஎல் கிரிக்கெட்டுக்கும் மூத்தது. 2005-ல் இந்திய ஹாக்கி சம்மேளனம் பிரீமியர் ஹாக்கி லீக்கைத் தொடங்கியபோது, இரு பாதிகளாக ஆடப்பட்ட ஆட்டம் நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. சர்வதேச சம்மேளனமே பின்னர் 2014-ல் நான்கு பகுதி முறைக்கு மாறியது. ஆனால் அதைக் காண பிரீமியர் லீக் உயிருடன் இல்லை. 2008 ஏப்ரலில் லஞ்சப் புகாரைத் தொடர்ந்து, அதை நடத்திய சம்மேளனத்தையே இந்திய ஒலிம்பிக் சங்கம் சஸ்பெண்ட் செய்தது. அத்துடன் லீக்கும் முடிந்தது.

அடுத்து வந்த உலக ஹாக்கி தொடர், பழைய சம்மேளனத்துக்கும் புதிதாக உருவான ஹாக்கி இந்தியாவுக்கும் இடையிலான அதிகாரப் போட்டியில் சிக்கி, 2012-ல் ஒரே பருவத்துடன் நின்றது. 2013-ல் ஹாக்கி இந்தியா தானே லீக் தொடங்கியது. எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் எழுந்த பதற்றம் காரணமாக அவ்வாண்டு பாகிஸ்தான் வீரர்கள் ஒன்பது பேர் ஆடாமலேயே நாடு திரும்ப நேர்ந்தது. அந்த லீக் 2017 வரை ஐந்து பருவங்கள் ஓடியது.

இப்போதைய மறுபிறப்பில் ஒடிசாவின் பங்கு பெரிது. தேசிய அணிகளுக்கு 2018 முதல் நிதி அளிப்பது அம்மாநில அரசு. 2024-ல் பிஜு ஜனதா தளம் ஆட்சியை இழந்து பாஜக ஆட்சிக்கு வந்த பின்னரும் இந்த ஆதரவு 2036 வரை நீட்டிக்கப்பட்டது. அரசியல் மாற்றத்தில் அடிபடாத திட்டங்கள் நம் நாட்டில் அரிது. ஹாக்கி இந்தியா தலைவர் திலீப் திர்கி, அம்மாநிலத்தின் சுந்தர்கர் மாவட்டத்துக்காரர். பிஜு ஜனதா தளத்தின் முன்னாள் மாநிலங்களவை உறுப்பினர்.

அணிகளின் பெயரில் தமிழ்நாடும் ஹைதராபாதும் வங்காளமும் இருந்தன. ஆட்டங்களோ ரூர்கேலாவிலும் ராஞ்சியிலுமே நடந்தன. தத்தம் அணியை அதன் சொந்த ஊர் மைதானத்தில் காணும் வாய்ப்பு சென்னை ரசிகர்களுக்கோ தில்லி ரசிகர்களுக்கோ அப்போது கிட்டவில்லை. 2026 ஜனவரியில் இரண்டாம் பருவம் தொடங்கியபோதுதான் சென்னைக்கு அந்த வாய்ப்பு வந்தது.

மகளிர் லீக்கின் நிலை இன்னும் மெலிந்தது. ஆறு அணிகள் என்று அறிவிக்கப்பட்டது. உரிமையாளர்கள் கிடைக்காததால் நான்குடன் நடந்தது. வீரர்களை ஏலம் எடுக்க ஆடவர் அணி ஒன்றுக்கு ரூ.4 கோடி வரை அனுமதி. மகளிர் அணிக்கு ரூ.2 கோடி. ஹர்மன்பிரீத் சிங் ரூ.78 லட்சத்துக்கு ஏலம் போனார். மகளிரில் அதிக விலை பெற்ற உதிதா துஹானுக்கு ரூ.32 லட்சம். இருப்பினும், மாதச் சம்பளத்துக்கு ரயில்வே வேலையையே நம்பியிருந்த வீராங்கனைகளுக்கு இது சிறிய தொகையல்ல.

ஆடவர் லீக்கிலும் தனியார் முதலீடு உறுதியாக இல்லை. இரண்டாம் பருவத்துக்கு முன்பே உத்தரப் பிரதேச அணியின் உரிமையாளர்கள் விலகினர். அந்த இடத்தில் லீக்கின் ஆட்சிக்குழுவே ஓர் அணியைக் களமிறக்கியது.