டிராக்டர் மின் இணைப்புகளில் களிம்பு ஏறாமல் காக்க

சேற்றுழவு முடித்து நிறுத்திய டிராக்டர், மறுநாள் காலையில் செல்ஃப் எடுக்காமல் நின்றுவிடுவதுண்டு. உடனே பேட்டரி செத்துவிட்டதென்று புதிது வாங்கிவிடுவோரும் உள்ளனர். பல சமயங்களில் குற்றம் பேட்டரியில் இல்லை. டெர்மினலில் பூத்த உப்பிலும், கனெக்டருக்குள் ஏறிய பச்சைக் களிம்பிலுமே இருக்கிறது. செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்கும்போது இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தாலே, 12 வோல்ட்டில் 2 வோல்ட் அங்கேயே வீணாகும்.

களிம்பைத் தடுக்க டைஎலக்ட்ரிக் கிரீஸ் எனப்படும் சிலிக்கோன் கிரீஸ் உதவுகிறது. இது மின்சாரத்தைக் கடத்தாது. கடத்தாத பொருளை இணைப்பில் பூசலாமா என்ற ஐயம் எழுவது இயற்கையே. கனெக்டரை அழுத்திப் பொருத்துகையில், உலோகம் உலோகத்தைத் தொடும் இடத்திலிருந்து கிரீஸ் விலகிவிடும். சுற்றியுள்ள இடைவெளியில் தங்கி நீர் புகாமல் தடுக்கும். எனவே இறுக்கமான இணைப்புகளுக்கே இது ஏற்றது. தளர்ந்த பின்னில் பூசினால் கெடுதல்தான்.

முதலில் சாவியை எடுத்துவிட வேண்டும். கை மோதிரம், கடிகாரத்தையும் கழற்றிவிடுவது நல்லது. பேட்டரியின் நெகட்டிவ் கம்பியையே முதலில் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது அது கடைசி. பாசிட்டிவை முதலில் தொட்டால், ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்டுப் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு அந்தப் பொறியில் வெடிக்கக்கூடும். பீடி பிடிப்பவர் எட்டியே நிற்கட்டும்.

டெர்மினலில் பூத்த உப்பை, சமையல் சோடா கரைத்த நீரும் பழைய பிரஷ்ஷும் கொண்டு கழுவலாம். சோடா நீர் பேட்டரிக்குள் இறங்கினால் அமிலம் வலுவிழக்கும். ஆகவே மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும். காய்ந்ததும் கம்பியை மாட்டி முடுக்கி, மேலே வாஸலின் தடவினாலே போதும். இதற்கு விலை கூடிய கிரீஸ் தேவையில்லை.

கனெக்டர்களைத் துடைத்து நன்கு உலர்த்தியபின், பயறளவு சிலிக்கோன் கிரீஸை மெல்லியதாகப் பூச வேண்டும். அள்ளி அப்பினால் பின் முழுதும் உள்ளே இறங்காது. பேரிங்குக்கு வைக்கும் சாதாரண கிரீஸைப் பயன்படுத்தலாகாது. அதிலுள்ள எண்ணெயால் சில வகை ரப்பர் வளையங்கள் உப்பிவிடும். சுவிட்ச், ரிலே ஆகியவற்றின் உள்ளே சிலிக்கோன் கிரீஸே கூடாது. அங்கு எழும் பொறியில் அது வெந்து மணல் போன்ற படிவாகி மின்சாரத்தை மறித்துவிடும்.

பலர் மறந்துவிடுவது டிரெய்லரின் ஏழு பின் சாக்கெட்டை. அதில் களிம்பேறினால், இரவில் கரும்பேற்றிச் செல்லும் டிரெய்லரின் பின்விளக்கு எரியாது. பின்னால் வேகமாக வரும் லாரிக்காரருக்கு வண்டி இருப்பதே தெரியாது. கரும்பு வெட்டு தொடங்குமுன் சாக்கெட்டைச் சுத்தம் செய்து கிரீஸ் பூசி, ஒருவர் பின்னால் நின்று பிரேக் விளக்கு, திருப்பு விளக்கு ஒவ்வொன்றும் எரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.